செல்பேசிச் செயலிகளில் டிக்ஷனரியும் இணையத் தரவும்

டிக்ஷனரி என்பது சாவியும் மதிப்புமான இணைகளைச் சேர்த்து வைக்கும் தரவுக் கட்டமைப்பு. சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் திருப்பித் தரும். ஐஓஎஸ் நிரலாக்கத்தில் ஆப்ஜெக்டிவ்-சி மொழிக்கு என்எஸ்டிக்ஷனரி, ஸ்விஃப்ட் மொழிக்கு டிக்ஷனரி, ஆண்ட்ராய்டின் ஜாவா, கோட்லின் மொழிகளுக்கு மேப் என்று பெயர்கள் வேறுபட்டாலும் வேலை ஒன்றுதான். வானிலை, ரயில் வரும் நேரம், செய்தித் தலைப்பு, வங்கி இருப்பு என எதைக் காட்டும் செயலியானாலும், சர்வரிலிருந்து அதற்கு வந்து சேர்வது வெறும் பைட்டுகளின் தொடர். அதைப் பிரித்துப் பொருள்கொள்வதைப் பார்ஸ் செய்தல் என்கிறார்கள். பார்ஸ் செய்து முடித்ததும் பெரும்பாலும் கையில் கிடைப்பது, டிக்ஷனரிக்குள் அரே எனப்படும் வரிசைப் பட்டியல், அந்த அரேக்குள் மறுபடி டிக்ஷனரி என்று அடுக்கடுக்காக அமைந்த ஒரு தொகுதி.

செயலிகள் திடீரென மூடிக்கொள்வதற்கான காரணங்களில் கணிசமானவை இந்த இடத்தில் பிறக்கின்றன. இப்படிக் கிடைக்கும் டிக்ஷனரி எந்த வகை மதிப்பையும் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். எண் வரவேண்டிய இடத்தில் எழுத்துச்சரம் வந்தாலும் வைத்துக்கொள்ளும். ஒன்றுமே வராவிட்டாலும் முறையிடாது. தவறு வெளிப்படுவது, அந்த மதிப்பை வேறெங்கோ ஒரு திரையில் எடுத்துப் பயன்படுத்தும்போது. அதற்குள் தரவு எந்தச் சாவியில், எந்த வடிவில் வந்தது என்ற தடயம் போயிருக்கும். ஆகவே இத்துறையில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் நடந்த முன்னேற்றத்தின் சாரம், சோதனையைப் பயன்படுத்தும் இடத்திலிருந்து தரவு நுழையும் இடத்துக்கு நகர்த்தியதே.

உள்ளமைப்பு

டிக்ஷனரியின் அடியில் இருப்பது ஹேஷ் அட்டவணை. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1953 ஜனவரியில் எழுதிய உள்குறிப்பில் இந்த எண்ணம் முதலில் பதிவானது. சாவியை ஒரு கணக்கீட்டின் வழியே எண்ணாக மாற்றி, அந்த எண் காட்டும் இடத்தில் மதிப்பை வைப்பதே இதன் முறை. ஆயிரம் இணைகள் இருந்தாலும் பத்து லட்சம் இணைகள் இருந்தாலும், சராசரியாக ஒரு தேடலுக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ மாறுவதில்லை. இரண்டு சாவிகள் ஒரே இடத்தைக் கேட்டால் ஸ்விஃப்ட் அடுத்த காலி இடத்தைத் தேடிச் செல்கிறது.

என்எஸ்டிக்ஷனரியின் பெயரில் உள்ள முன்னொட்டு நெக்ஸ்ட் நிறுவனத்தின் நெக்ஸ்ட்ஸ்டெப் இயங்குதளத்தைக் குறிக்கிறது. ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியபோது அதன் நிரலகங்களும் கூடவே வந்தன. ஐபோன் அவற்றின் மேல்தான் எழுந்தது. என்எஸ்டிக்ஷனரி உருவானபின் மாறாது. மாற்றவேண்டுமானால் என்எஸ்மியூட்டபிள்டிக்ஷனரி வேண்டும். கொடுக்கப்படும் சாவியை அது நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. சாவியாகத் தந்த சரம் பின்னால் வெளியே திருத்தப்பட்டால் உள்ளே இருக்கும் இடக்கணக்கு பிழையாகிவிடும் என்பதே காரணம். ஸ்விஃப்டில் டிக்ஷனரி மதிப்பு வகை. ஒரு மாறியிலிருந்து இன்னொரு மாறிக்குக் கொடுத்தால் இரண்டும் தனித்தனி. ஒன்றைத் திருத்தினால் மற்றது மாறாது. ஆனால் உண்மையான நகலெடுப்பு, யாராவது திருத்தும் கணம்வரை தள்ளிப்போடப்படுகிறது.

வரிசை ஒழுங்கு பற்றி ஒரு வார்த்தை. டிக்ஷனரி எந்த ஒழுங்கையும் காப்பதாக வாக்களிப்பதில்லை. புதிதாகப் பழகுபவர்கள் சாவிகளை அப்படியே எடுத்துப் பட்டியல் திரையின் வரிகளாகக் காட்டுவதுண்டு. சோதனையில் சரியாக இருந்தது பயனர் கையில் கலைந்து நிற்கும். 2018-இல் வந்த ஸ்விஃப்ட் 4.2 முதல் இந்தக் கலைவு வெளிப்படையானது. ஹேஷ் கணக்கீடு ஒவ்வொரு முறை செயலி தொடங்கும்போதும் வேறு விதை எண்ணுடன் தொடங்குவதால், ஒரே டிக்ஷனரி இன்று ஓர் ஒழுங்கிலும் நாளை வேறோர் ஒழுங்கிலும் சுற்றிவரும். இதற்குப் பின்னால் ஒரு பாதுகாப்புக் காரணம் உண்டு. வேண்டுமென்றே ஒரே இடத்தில் மோதும் சாவிகளை ஆயிரக்கணக்கில் அனுப்பினால் ஹேஷ் அட்டவணை முடங்கிப்போகும் என்பதை அலெக்சாண்டர் கிளிங்க், யூலியன் வால்டே இருவரும் 2011 டிசம்பரில் பெர்லின் மாநாடொன்றில் செய்துகாட்டினார்கள். விதை எண்ணை முன்கூட்டி அறிய முடியாவிட்டால் அத்தகைய சாவிகளைத் தயாரிக்க முடியாது. இதற்கென 2012-இல் ஜான்-ஃபிலிப் ஓமாசோன், டேனியல் பெர்ன்ஸ்டைன் இருவரும் வடிவமைத்த சிப்ஹேஷ் முறையின் ஒரு வடிவத்தையே ஸ்விஃப்ட் பயன்படுத்துகிறது. ஒழுங்கு தேவைப்பட்டால் சாவிகளை வரிசைப்படுத்திக்கொள்ளவேண்டும், அல்லது சர்வரிடமிருந்தே அரேயாகப் பெறவேண்டும்.

ஜேசன்

செயலிக்கும் சர்வருக்கும் இடையே இன்று பெரும்பாலும் புழங்கும் வடிவம் ஜேசன். டக்ளஸ் க்ராக்ஃபோர்டும் சிப் மார்னிங்ஸ்டாரும் 2001 ஏப்ரலில் முதல் ஜேசன் செய்தியை அனுப்பினார்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஏற்கெனவே இருந்த எழுத்துமுறையைத் தாம் கண்டெடுத்துப் பெயர் சூட்டியதாகவே க்ராக்ஃபோர்ட் சொல்லிவந்தார். 2006-இல் ஆர்எஃப்சி 4627 என்ற ஆவணமாகவும், 2013-இல் எக்மா-404 தரமாகவும், 2017-இல் ஆர்எஃப்சி 8259 ஆகவும் அது எழுதப்பட்டது. இந்தக் கடைசி ஆவணம், பொது இணையத்தில் பரிமாறப்படும் ஜேசன் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்று விதித்தது.

ஜேசனில் உள்ள வகைகள் மிகக் குறைவு: ஆப்ஜெக்ட், அரே, சரம், எண், உண்மை அல்லது பொய், ‘நல்’ என்னும் வெற்று மதிப்பு. ஆப்ஜெக்ட் டிக்ஷனரியாகவும் அரே அரேயாகவும் நேரடியாக மாறிவிடுகின்றன. இந்த எளிமையால்தான் எக்ஸ்எம்எல் வடிவத்தைப் பின்தள்ளி அது செல்பேசிக்குள் இவ்வளவு வேகமாகப் பரவியது. எக்ஸ்எம்எல்லைப் பார்ஸ் செய்ய ஒவ்வொரு குறிச்சொல் தொடங்கும்போதும் முடியும்போதும் அழைப்பு வாங்கி, நடுவில் வரும் எழுத்துகளைச் சேகரித்து, நிலையைக் கையால் கண்காணிக்கவேண்டும். ஜேசனுக்கு ஒரே ஓர் அழைப்பு போதும். ஆனால் ஜேசனில் தேதி கிடையாது. முழு எண், பதின்ம எண் என்ற பிரிவு கிடையாது. குறிப்புரை எழுத இடம் கிடையாது. குறிப்புரைகளுக்குள் பார்ஸருக்கான கட்டளைகளை எழுதத் தொடங்கினால் ஒருவருக்கொருவர் புரியாத கிளைகள் உருவாகும் என்று அஞ்சி க்ராக்ஃபோர்ட் அதை நீக்கினார். அந்த முடிவு சரியானதே. தேதியை விட்டதன் விலையைத்தான் செயலி நிரலாளர்கள் இன்றுவரை கொடுத்துவருகிறார்கள்.

ஒரே சாவி ஓர் ஆப்ஜெக்டில் இரண்டு முறை வந்தால் என்ன செய்வது என்பதையும் தரம் உறுதியாகக் கூறவில்லை. சாவிகள் தனித்துவமாக இருப்பது நல்லது என்று மட்டும் சொல்கிறது. 2017-இல் அப்பாச்சி கவுச்டிபி தரவுத்தளத்தில் வெளியான ஓட்டை இதிலிருந்து வந்தது. அதன் எர்லாங் பகுதி முதல் சாவியை மதித்தது, ஜாவாஸ்கிரிப்ட் பகுதி கடைசிச் சாவியை மதித்தது. பயனர் பொறுப்புகளைக் குறிக்கும் சாவியை இரண்டு முறை எழுதி அனுப்பியவர் நிர்வாகி உரிமையைத் தாமே எடுத்துக்கொள்ள முடிந்தது.

நிலநடுக்க ஊட்டம் ஓர் எடுத்துக்காட்டு

அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் உலகெங்கும் பதிவாகும் நிலநடுக்கங்களை யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஜேசன் ஊட்டமாக வெளியிடுகிறது. கடந்த ஒரு மணி நேரம், ஒரு நாள், 7 நாள், 30 நாள் என்று தனித்தனிக் கோப்புகள். நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். ஐபோன் நிரலாக்கத்தின் தொடக்க ஆண்டுகளில் ஆப்பிள் வெளியிட்ட சைஸ்மிக்எக்ஸ்எம்எல் என்ற மாதிரிச் செயலியும் இந்த ஆய்வகத்தின் ஊட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டது. கற்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தரவு அரிது. உண்மையானது, இலவசம், வேண்டிய அளவுக்கு ஒழுங்கற்றது.

மேல்மட்டத்தில் ஒரு டிக்ஷனரி. அதில் ‘ஃபீச்சர்ஸ்’ என்ற சாவிக்குள் ஓர் அரே. அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு நிலநடுக்கம். ஒவ்வொன்றுக்குள்ளும் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ என்ற டிக்ஷனரியில் அளவு, இடம், நேரம் முதலியவையும், ‘ஜியோமெட்ரி’ என்ற டிக்ஷனரியில் இடக்குறிப்பும் இருக்கின்றன. ஜியோஜேசன் தரத்தின்படி (ஆர்எஃப்சி 7946, 2016) இடக்குறிப்பு என்பது ஓர் அரே: முதலில் தீர்க்கரேகை, பிறகு அட்சரேகை. இந்த ஊட்டத்தில் மூன்றாவதாக ஆழம், கிலோமீட்டரில். பேச்சிலும் வரைபட நிரலகங்களிலும் அட்சரேகையை முதலில் சொல்வதே வழக்கம் என்பதால், இந்த இடத்தில் மாற்றி வாசிப்பது சாதாரணமாக நடக்கிறது. சென்னையின் இடக்குறிப்பைத் தலைகீழாக வாசித்தால் வரைபடக் குண்டூசி ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். இரண்டும் எண்கள்தாம் என்பதால் எந்த வகைச் சோதனையும் இதைப் பிடிக்காது. சாவியோடு வரும் மதிப்புக்கும் வெறும் இடத்தால் அடையாளம் பெறும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

உள்ளே பார்த்தால் இன்னும் நுணுக்கங்கள் தெரியும். நில அதிர்வை உணர்ந்ததாகப் பொதுமக்கள் அனுப்பிய தகவல்களின் எண்ணிக்கையைச் சொல்லும் ‘ஃபெல்ட்’ பெரும்பாலும் ‘நல்’. எச்சரிக்கை நிறத்தைச் சொல்லும் ‘அலர்ட்’டும் அப்படியே. ‘சுனாமி’ என்பது உண்மை அல்லது பொய் என்றில்லாமல் 0 அல்லது 1. அளவு 5.1 என்றும் வரும், 5 என்றும் வரும். மிகச் சிறிய அதிர்வுகளுக்குச் சுழியத்துக்குக் கீழேயும் போகும். நேரம் 1970 ஜனவரி 1 முதல் கணக்கிட்ட மில்லிவினாடிகளில் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு செயலியைக் கவிழ்க்கப் போதுமானது.

இல்லாமையின் வகைகள்

ஒரு சாவிக்கு மதிப்பு ‘இல்லை’ என்பது மூன்று விதமாக வரலாம். சாவியே வராமல் இருக்கலாம். சாவி வந்து ‘நல்’ மதிப்புடன் இருக்கலாம். சாவி வந்து வெற்றுச் சரமோ வெற்று அரேயோ இருக்கலாம். ஒருவர் தம் தொலைபேசி எண்ணைத் தரவே இல்லை, தந்ததை நீக்கிவிட்டார், எண் இல்லை என்று பதிவுசெய்தார் என்ற மூன்றும் வெவ்வேறு செய்திகள். மூன்றையும் ஒன்றாக்கிவிடும் செயலி பயனர் சொன்னதைத் திரித்துச் சேமிக்கிறது. இப்பகுதியில் காட்டும் கவனத்தைக் கொண்டே ஒரு நிரலாளரின் தேர்ச்சியை ஓரளவு கணித்துவிடலாம்.

ஆப்ஜெக்டிவ்-சியில் இல்லாத சாவியைக் கேட்டால் ‘நில்’ கிடைக்கும். ‘நில்’லுக்கு எந்தச் செய்தி அனுப்பினாலும் அம்மொழி சத்தமின்றிச் சுழியத்தையோ ‘நில்’லையோ திருப்பித்தரும். ஆனால் டிக்ஷனரிக்குள் ‘நில்’லை வைக்க முடியாது, வைக்க முயன்றால் விதிவிலக்கு எழுந்து செயலி மூடும். ஆகவே ஜேசனின் ‘நல்’லைக் குறிக்க என்எஸ்நல் என்ற தனிப் பொருள் பயன்படுகிறது. சிக்கல் இங்கேதான். என்எஸ்நல் வெற்றைக் குறித்தாலும் தான் வெற்று அல்ல. அது ஒரு முழுப் பொருள். பெயர் வரும் என்று நம்பி அதனிடம் எழுத்து எண்ணிக்கையைக் கேட்டால், அறியாத செய்தி என்று சொல்லிச் செயலி உடனே விழும். ஆப்ஜெக்டிவ்-சி காலத்து விபத்துப் பதிவுகளில் இந்த வரியைப் பார்க்காத ஐபோன் நிரலாளர் இருக்க முடியாது. சாவி வராவிட்டால் நன்றாக ஓடும் செயலி, சாவி ‘நல்’லுடன் வந்தால் விழுகிறது. சர்வர் எழுதுபவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் குழுக்களுக்குள் நீண்ட வாக்குவாதங்கள் நடந்திருக்கின்றன.

அம்மொழியில் இன்னொரு பழைய பொறியும் உண்டு. மதிப்புகளையும் சாவிகளையும் வரிசையாகக் கொடுத்து டிக்ஷனரியை உருவாக்கும் பழைய முறையில், பட்டியல் முடிந்தது என்பதற்கு அடையாளமே ‘நில்’தான். நடுவில் ஏதேனும் ஒரு மதிப்பு ‘நில்’லாக அமைந்துவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா இணைகளும் எச்சரிக்கையின்றிக் காணாமல் போகும். 2012-இல் ஆப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோட் 4.4 உடன் வந்த சுருக்க எழுத்துமுறை இதே சூழலில் விதிவிலக்கை எழுப்பியது. பலர் இதைத் தொந்தரவாக நினைத்தார்கள். ஆனால் சத்தமின்றித் தரவை இழப்பதைவிட உரத்து விழுவது எவ்வளவோ மேல்.

ஆண்ட்ராய்டில் முதல் பதிப்பிலிருந்தே உள்ள ஜேசன்ஆப்ஜெக்ட் வகுப்பு வேறுவிதமாக நடந்துகொள்கிறது. ‘நல்’ உள்ள சாவியைச் சரமாகக் கேட்டால் ஆங்கிலத்தில் அச்சொல்லின் நான்கு எழுத்துகளையே சரமாகத் தந்துவிடும். செயலி விழாது, பயனர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அந்த நான்கு எழுத்துகள் தோன்றும். எடுப்பதற்கு முன் வெற்றா என்று கேட்டறிவதற்கென்றே அவ்வகுப்பில் தனி வினை இருக்கிறது.

ஸ்விஃப்டில் டிக்ஷனரியைக் கேட்டால் எப்போதும் ஆப்ஷனல் கிடைக்கும்: மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்பது வகையிலேயே எழுதியிருக்கிறது. திறந்து பார்க்காமல் பயன்படுத்த மொழி விடாது. இருந்தாலும் எந்த வகையும் வரலாம் என்ற டிக்ஷனரிக்குள் என்எஸ்நல் வந்து உட்காரவே செய்யும். இன்ன வகையா என்று நிபந்தனையோடு கேட்டால் பாதுகாப்பு. ஆச்சரியக்குறி போட்டு வலுவில் மாற்றினால் பழைய கதை.

எண்ணும் தேதியும்

ஜேசனில் எண்ணுக்கு எல்லை குறிப்பிடப்படவில்லை. நடைமுறையில் பல பார்ஸர்கள் 64 பிட் பதின்ம எண்ணாகவே வாசிக்கின்றன. அதில் இடைவிடாமல் துல்லியமாக வைக்கக்கூடிய முழு எண்ணின் எல்லை 2-இன் 53-ஆம் அடுக்கு, அதாவது 9,00,71,99,25,47,40,992. அதற்குமேல் கடைசி இலக்கங்கள் மாறிவிடலாம். 2010-இல் ட்விட்டர் தன் அடையாள எண்களைப் பெரிதாக்கியபோது இந்தத் தடையை எதிர்கொண்டு, ஒவ்வோர் அடையாள எண்ணையும் எண்ணாக ஒரு முறையும் சரமாக இன்னொரு சாவியில் ஒரு முறையும் அனுப்பத் தொடங்கியது. அடையாள எண்ணோடு யாரும் கூட்டல் கழித்தல் செய்வதில்லை. அதைச் சரமாகவே அனுப்புவதும் வைத்திருப்பதும் நல்ல வழக்கம்.

வகை சொல்லாத மேப்பில் வாசித்தால் ஆண்ட்ராய்டில் புழங்கும் ஜிசான் நிரலகம் எல்லா எண்ணையும் பதின்மமாக்கும். 1 என்பது 1.0 ஆகித் திரையில் தெரியும். ஆண்ட்ராய்டின் உள்ளமைந்த பார்ஸரோ நேர்மாறாக, 5 என்று வந்தால் முழு எண், 5.1 என்று வந்தால் பதின்மம். நிலநடுக்க அளவைப் பதின்மம் என்று நம்பி வலுவில் மாற்றிய கோட்லின் நிரல் பல நாள் ஓடிவிட்டு, சரியாக 5 அளவில் ஓர் அதிர்வு வரும் நாளில் விழும். ஐஓஎஸ்ஸில் இரண்டுமே என்எஸ்நம்பர் என்ற ஒரே உறைக்குள் வருவதால் இச்சிக்கல் இல்லை. ஆனால் அங்கே 1 என்ற எண்ணை உண்மை என்றும் எடுத்துக்கொள்ள முடியும் என்பதால் வேறு குழப்பம்.

தேதிக்கு இரண்டு வழக்கங்கள் நிலைத்துவிட்டன: 1970 தொடக்கமாகக் கணக்கிட்ட எண், அல்லது ஐஎஸ்ஓ 8601 முறையில் எழுதிய சரம். எண் வினாடியா மில்லிவினாடியா என்பதை ஆவணம் பார்த்துத்தான் அறியவேண்டும். ஆப்பிளின் நிரலகங்கள் உள்ளுக்குள் 2001 ஜனவரி 1-ஐத் தொடக்கமாக வைத்திருக்கின்றன. இரண்டுக்கும் இடைவெளி 97,83,07,200 வினாடிகள். ஸ்விஃப்டில் ஜேசனை வாசிக்கும் ஜேசன்டிகோடரிடம் எதுவும் சொல்லாமல் விட்டால் அது 2001 கணக்கையே எடுத்துக்கொள்வதால், வினாடியில் வந்த தேதிகள் 31 ஆண்டுகள் முன்னோக்கித் தள்ளிப்போய் நிற்கும். ஐஎஸ்ஓ 8601 என்று சொன்னாலும் வினாடிக்குக் கீழான பின்னம் உள்ள சரத்தை அதன் இயல்பு வாசிப்பு ஏற்பதில்லை. தேதி வடிவத்தைக் கையால் எழுதி வாசிப்பவர்கள் பயனரின் மொழி, நாட்காட்டி அமைப்பைச் சாராத நிலையான அமைப்பைக் குறிப்பிடவேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், பௌத்த நாட்காட்டியை அமைத்திருக்கும் தாய்லாந்துப் பயனரின் போனில் ஆண்டு 543 பிசகும்.

டிக்ஷனரியிலிருந்து மாதிரி வகைக்கு

2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்தபோது ஐபோனில் ஜேசனுக்கென்று எதுவும் இல்லை. எஸ்பிஜேசன், டச்ஜேசன், பின்னர் வந்த ஜேசன்கிட் போன்ற திறந்தமூல நிரலகங்களில் ஒன்றைச் சேர்த்துக்கொள்வதே வழி. 2011-இல் ஐஓஎஸ் 5 உடன் என்எஸ்ஜேசன்சீரியலைசேஷன் வந்தபின் அவற்றின் தேவை மெல்லக் குறைந்தது. அது தருவது டிக்ஷனரிகளும் அரேகளும்; மேற்கொண்டு பொருள்கொள்வது நிரலாளர் பாடு. ஜேசன் அல்லாத எதையாவது கொடுத்தால் கோகோ பிழை 3840 என்று திருப்பும். இந்தப் பிழை எண்ணைக் கண்டால் முதலில் பார்க்கவேண்டியது சர்வர் என்ன அனுப்பியது என்பதையே. பெரும்பாலும் 502 போன்ற பிழைநிலையோடு ஓர் எச்டிஎம்எல் பக்கம் வந்திருக்கும். பார்ஸ் செய்யுமுன் நிலை எண்ணைச் சோதித்திருந்தால் பயனருக்குப் பொருளுள்ள செய்தியைக் காட்டியிருக்கலாம்.

2014 ஜூனில் ஸ்விஃப்ட் அறிமுகமானபோது இந்தப் பழைய டிக்ஷனரிகளும் புதிய மொழியின் கண்டிப்பும் மோதின. ஒவ்வோர் அடுக்கையும் திறந்து, வகை கேட்டு, அடுத்த அடுக்குக்குள் போகவேண்டியிருந்ததால் நிரல் வலப்புறமாகச் சரிந்துகொண்டே போனது. அதே ஆண்டில் வந்த ஸ்விஃப்டிஜேசன் என்ற நிரலகம் பெரும் வரவேற்பைப் பெற்றதற்கு இதுவே காரணம். 2015-இல் ஸ்விஃப்ட் 1.2 பல ஆப்ஷனல்களை ஒரே வரியில் திறக்க இடம்கொடுத்தது. ஸ்விஃப்ட் 2, நிபந்தனை பொருந்தாவிட்டால் உடனே வெளியேறும் கார்டு வாக்கியத்தைத் தந்தது. உண்மையான திருப்பம் 2017-இல் ஸ்விஃப்ட் 4 கொண்டுவந்த கோடபிள். நிலநடுக்கம் என்ற ஸ்ட்ரக்டை, அதாவது மாதிரி வகையை, எழுதி அதன் உறுப்புகளுக்கு வகைகளைச் சொல்லிவிட்டால், ஜேசனிலிருந்து அதை நிரப்பும் நிரலைக் கம்பைலரே எழுதிக்கொள்கிறது. வகை பொருந்தாவிட்டால் எந்தப் பாதையில் எந்தச் சாவியில் பொருந்தவில்லை என்று சொல்லும் பிழை கிடைக்கிறது. விபத்து நடந்த இடத்துக்கும் காரணத்துக்கும் இடையே இருந்த தூரம் இதனால் அற்றுப்போனது.

கோடபிள் குறையற்றது அல்ல. நூறு நிலநடுக்கங்கள் உள்ள அரேயில் ஒன்று மட்டும் பிசகினாலும் முழு அரேயும் நிராகரிக்கப்படும். 99 நல்ல பதிவுகளைப் பயனரிடமிருந்து மறைப்பது சரியல்ல என்ற இடங்களில், ஒவ்வோர் உறுப்பையும் தோல்வியைத் தாங்கும் உறைக்குள் வாசித்து, தேறாதவற்றைப் பதிவேட்டில் குறித்துவிட்டு விலக்குவது வழக்கம். வங்கிக் கணக்கு விவரம் போன்றவற்றில் மாறாக முழு நிராகரிப்பே நியாயம். இன்னொன்று, ஆப்ஷனல் உறுப்பு வராத சாவியையும் ‘நல்’லையும் ஒன்றாகவே வாசிக்கும், எழுதும்போது வெற்றாக இருந்தால் சாவியையே விட்டுவிடும். ஜேசன் மெர்ஜ் பேட்ச் முறையில் (ஆர்எஃப்சி 7396, 2014) ‘நல்’ என்றால் அந்த விவரத்தை நீக்கு என்று பொருள், சாவி இல்லாவிட்டால் தொடாதே என்று பொருள். அத்தகைய சர்வரோடு பேசும் செயலியில் குறியாக்கத்தைக் கையால் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆண்ட்ராய்டிலும் பாதை இதேதான். கூகுள் வெளியிட்ட ஜிசான் பல ஆண்டுகள் பரவலாக ஆண்டது. கோட்லினோடு சேரும்போது அதன் குறை தெரிந்தது: வெற்றாக இருக்கக்கூடாது என்று அறிவித்த உறுப்பையும் அது வெற்றாகவே விட்டுவிடும், ஏனெனில் அது கோட்லினின் கட்டமைப்பு விதிகளைத் தாண்டிப் பொருளை உருவாக்குகிறது. மொழி கொடுத்த உறுதிமொழி இப்படிப் பொய்யாவது, உறுதிமொழியே இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல். ஸ்கொயர் நிறுவனத்தின் மோஷியும், ஜெட்பிரெய்ன்ஸ் 2020-இல் 1.0 பதிப்பாக வெளியிட்ட கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷனும் வெற்று அனுமதியை மதித்து வாசிக்கின்றன.

டிக்ஷனரிக்கு இதனால் வேலை இல்லாமல் போய்விடவில்லை. மொழிக் குறியீட்டுக்கு மொழிபெயர்ப்பு, நாணயக் குறியீட்டுக்கு மாற்று விகிதம் என்று சாவிகளே தரவாக இருக்கும் இடங்களில் அதுவே சரியான வகை. பதிவுகளை வகைபிரிக்கவும் அடையாள எண்ணால் உடனே தேடவும் அதற்கு இணை இல்லை. சாவிகள் முன்கூட்டியே தெரிந்த, எண்ணிக்கை மாறாத பதிவுக்கு மட்டும் அது பொருந்தாது.

பார்ஸ் செய்யும் இழை

திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டால் ஒரு சட்டத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி, 120 முறையானால் அதில் பாதி. முப்பது நாள் நிலநடுக்கக் கோப்பைத் திரையை வரையும் முதன்மை இழையிலேயே பார்ஸ் செய்தால் விரலால் தள்ளும்போது திரை திக்கும். பதிவிறக்கமும் பார்ஸும் பின்னணி இழையில் நடந்து, முடிந்த மாதிரி வகை மட்டும் முதன்மை இழைக்கு வரவேண்டும். ஆண்ட்ராய்டு 3.0 முதல் முதன்மை இழையில் வலையைத் தொட்டாலே விதிவிலக்கு எழும். ஆப்ஜெக்டிவ்-சியின் மாற்றத்தக்க டிக்ஷனரியை இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் திருத்துவதும் விபத்துக்கு வழி.

தமிழ்ச் சரங்கள்

யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட் பிடிக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லில் 5 குறியெண்கள், ஆக 15 பைட். பைத்தான், பிஎச்பி மொழிகளின் ஜேசன் நிரலகங்கள் இயல்பாக ஆங்கிலம் அல்லாத எழுத்தைத் தப்பிப்புக் குறியாக, ஒவ்வொன்றுக்கும் 6 எழுத்துகளில் எழுதுகின்றன. அதே சொல் 30 பைட் ஆகிறது. பார்ஸ் செய்தபின் இரண்டும் ஒரே சரம்தான் என்றாலும், தமிழ்ச் செய்திச் செயலி ஒன்றின் தரவுச் செலவில் இது கணக்கில் வரும். சர்வரில் ஓர் அமைப்பை மாற்றினால் போதும்.

எண்ணிக்கையிலும் மொழிகள் வேறுபடுகின்றன. ‘தமிழ்’ ஸ்விஃப்டுக்கு 3 எழுத்து; ஆப்ஜெக்டிவ்-சிக்கும் கோட்லினுக்கும் 5. பெயருக்கு இத்தனை எழுத்து என்று வரம்பு வைக்கும் செயலி இரண்டு போன்களில் இரண்டு விதமாக நடக்கும்.

தமிழ்ச் சொற்களே சாவிகளாக வரும்போது, சொற்பொருள் தேடும் செயலியிலோ ஊர்ப்பெயர்ப் பட்டியலிலோ, மற்றொரு நுணுக்கம் வந்து சேர்கிறது. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகச் சேர்த்து, அல்லது எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியாகச் சேர்த்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எந்த விசைப்பலகையில் தட்டினார்கள், எந்தப் பழைய கோப்பிலிருந்து மாற்றினார்கள் என்பதைப் பொறுத்து ஏதாவது ஒன்று வரும். ஓகார, ஔகார வரிசைகளிலும் இதே நிலை. ஸ்விஃப்ட் இரு வடிவங்களையும் சமம் என்று கொள்வதால் அதன் டிக்ஷனரியில் ஒரே சாவி. என்எஸ்டிக்ஷனரியும் கோட்லின் மேப்பும் குறியெண்களை அப்படியே ஒப்பிடுவதால் அங்கே இரண்டு சாவிகள். கொடைக்கானல் என்று வேறு வடிவில் தட்டித் தேடிய பயனருக்கு ஸ்விஃப்டில் எழுதிய ஐபோன் செயலியில் முடிவு வரும், ஆண்ட்ராய்டில் வராது. இதைத் தவிர்க்க, பார்ஸ் செய்த கையோடு சாவிகளையும், பயனர் தட்டும் தேடுசொல்லையும் யூனிகோடின் ஒருங்கிணைந்த இயல்பு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். ஐஓஎஸ்ஸின் சர வகுப்பிலும் ஜாவாவின் நார்மலைசர் வகுப்பிலும் இதற்கான வினை உள்ளமைந்தே இருக்கிறது.